கென்னென் என்ற சொல்லின் சொந்தக்காரர்கள்

அம்மாவின் தம்பி, என் மாமா, மராத்தி பேசும் ஊரான கோந்த்வாவில் எங்களோடுதான் இருந்தார். சாகணில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவரை ஹாலந்துக்கு இரண்டு வருஷம் அனுப்புவதாக முடிவானதும் டச்சு மொழி படிக்க ஆரம்பித்தார். எனக்கு எட்டு வயது. என் மராத்தி தட்டுத்தடுமாறும் என்பதால் கீழே விளையாடும் பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. நானும் கெஞ்சிப் போகிற ரகமில்லை. மாமாதான் எனக்கிருந்த ஒரே கூட்டாளி.

ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'கென்னென்' என்று எழுதினார். ஒருவரோடு பழக்கம் இருப்பது, அவரை அறிந்திருப்பது என்று பொருளாம். பக்கத்தில் அதே பொருள் தரும் ஆங்கிலத்து 'நோ', இந்தியின் 'ஜான்னா', மராத்தியின் 'ஜாணணே'. எல்லாம் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரே வீட்டில் பிறந்தவை என்றார்.

"தமிழ் எங்க மாமா?"

"அது வேற வீடு பாப்பா. ஞானம்னு சொல்றமே, அதுகூட இவங்ககிட்ட இரவல் வாங்கினதுதான். நம்ம 'தெரியும்' இருக்கே, அது இவங்களுக்கு ஒட்டுமில்ல, உறவுமில்ல."

எனக்கு அழுகையாக வந்தது. அப்படியென்றால் டச்சுக்காரர்கள் மராத்திக்காரர்களுக்குத்தான் சொந்தம். மாமா போகப்போவது கீழ்வீட்டுக் காகுவின் உறவுக்காரர்களிடம். மராத்திப் பெண்மணியான அவரை நாங்கள் எல்லோரும் காகு என்றுதான் கூப்பிடுவோம். தாளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

காகு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஹாலந்தில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள், என் மாமாவைக் கூப்பிட வேண்டாம், எனக்கு வேறு யாருமில்லை என்று உடைந்த மராத்தியில் சொல்லி, தாளைச் சாட்சிக்கு நீட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாவுக்கையோடு மகளைக் கூப்பிட்டு, "ஹிலா கேளாயலா கே" என்றார். இவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள் என்று அர்த்தம்.

மாமா போகத்தான் செய்தார். அவருடைய காலிக் கட்டிலில் உட்கார்ந்து பல நாள் அழுதேன். ஆனால் சாயங்காலமானால் காகுவின் மகள் படிக்கட்டில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். அழுகை மெல்லக் குறைந்தது.

ஞாயிறுதோறும் மாமாவின் போன் வரும். ஒருமுறை, "ஏதாச்சும் பேசு பாப்பா" என்றார்.

"என்ன பேச?"

"என்ன வேணா பேசு. காலையில என்ன சாப்பிட்ட?"

"உப்புமா. எல்லாரும் கீழ நிக்கிறாங்க மாமா" என்று ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் சாப்பிட்ட உப்புமாவைப் பற்றிக் கேட்க ஒரு மனிதர் வாரம் முழுக்கக் காத்திருந்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.