மகளின் வயதைக் கூட்டிச் சொன்னேன்

எனக்கு மேடையில் நின்று பேச வராது. எழுதித் தருகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை யாராவது சபையில் வாசிக்கட்டும்.

1996 மாசி மாதம் நானும் என் மகள் ஜெயந்தியும் ரொறன்ரோவில் வந்து இறங்கினோம். மனைவி அதற்கு முந்திய வருடம், சண்டையால் இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். மகளுக்கு ஏழு வயது. காசு வாங்கி எங்களை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட் வேறொரு பிள்ளையுடையது. அதில் ஒன்பது. விமான நிலையத்தில் அதையே சொன்னேன். பிறகு அகதி மனுவிலும் அதையே எழுதுவித்துக் கையெழுத்து வைத்தேன். இரண்டு வயதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

இந்த நாட்டில் பெரும்பாலும் வயதைப் பார்த்துத்தான் பிள்ளையை வகுப்பில் விடுவார்கள். அது எனக்குத் தெரியாது. நாங்கள் இருந்த மல்வேர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளை நாலாம் வகுப்பில் இருத்தினார்கள். இரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டியவள். பாஷை தெரியாது. சுற்றிலும் பெரிய பிள்ளைகள்.

சித்திரையில் அவள் பேச்சை நிறுத்தினாள். வீட்டிலும் பேசவில்லை. வகுப்பில் உடுப்போடு சலம் போனாள். நனைந்த உடுப்பைப் பையில் கட்டி அனுப்புவார்கள். நான் தோய்ப்பேன். அவள் கதவடியில் நின்று பார்ப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பிள்ளைக்கு விளங்கும் சக்தி குறைவு, அடுத்த வருடம் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளின் வகுப்புக்கு, வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போகிறோம் என்றார்கள். கையெழுத்து வைக்கக் கடிதம் தந்தார்கள். பிள்ளையில் பிழை இல்லை. என்னில்தான் பிழை. கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்களோடு அறையில் இருந்த செல்வமும் அதே ஏஜென்சியில் வந்தவன். அவனிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? அகதிக் கேஸ் இன்னும் கூப்பிடேல்லை. வயசிலை பொய் சொன்னனீ எண்டால், மிச்சமும் பொய் எண்டுதான் எழுதுவாங்கள். ரெண்டு பேரையும் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

"பிள்ளை ஊமையாகிக்கொண்டு வாறாள்."

"அங்கை திரும்பிப் போனால் உயிரோடை இருப்பாளோ? கையெழுத்தை வைச்சுக் குடு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் லூர்தெஸ். பிலிப்பைன்ஸ்காரி. கும்பிடுகிறவள். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவளுடைய மூன்று பிள்ளைகளும் மணிலாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். பிலிப்பினோப் பிள்ளைகளைப் பாடம் தெரிந்தாலும் ஒரு வகுப்புக் கீழே இறக்கிவிடுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம். நல்ல பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருந்தாள். நானும் வருகிறேன் என்றேன். அவள் பிள்ளையை ஏற்ற வேண்டும். என் பிள்ளையை இறக்க வேண்டும். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

முதலில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் பார்த்தோம். வரிசை, செபம், கரும்பலகை. ஊரில் நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த பள்ளிக்கூடம் போலத்தான். சர்வதேசப் பள்ளிக்கூடம் என்று ஒன்று லூர்தெஸின் தங்கை பிள்ளைகளுக்கு மணிலாவில் இருக்கிறதாம். அது இங்கே எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை என்று சிரித்தாள். கடைசியாக மாற்றுப் பள்ளிக்கூடம் ஒன்று. அங்கே வகுப்பு என்று இல்லை. ஒரு அறையில் ஆறு முதல் எட்டு வயது. அடுத்த அறையில் ஒன்பதுக்கு மேல். பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். கூட்டிப்போன ஜெயந்தி கேளாமலே சின்னவர்களின் அறைக்குள் போய் இருந்து புத்தகம் விரித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

"மகளுக்கு எத்தனை வயது?" என்று பொறுப்பான பெண் கேட்டாள்.

"ஒன்பது."

"அப்படியென்றால் மற்ற அறை."

ஜெயந்தியின் கையைப் பிடித்து எழுப்பினார்கள். எழும்பி வந்தாள்.

பஸ்ஸில் லூர்தெஸ் சொன்னாள்: "மூன்று பெற்றவள் நான். அது ஒன்பது வயதுப் பிள்ளை இல்லை. நீ வயது கேட்காத பள்ளிக்கூடம் தேடுகிறாய். அப்படி ஒன்று இல்லை."

எங்கள் தரிப்பிடம் வந்ததும் ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதுவரை "ஆண்டவரே, ஒரு பள்ளிக்கூடம் காட்டும்" என்றுதான் மன்றாடினேன். அன்று முழங்காலில் நின்று வேறு சொன்னேன். பொய் சொன்னவன் நான். அடி எனக்கு விழட்டும். பிள்ளைக்கு வேண்டாம். சொல்ல ஒரு இடம் தாரும். பயமாக இருக்கிறது.

கடிதம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்து வைத்துத்தான் கொண்டு போனேன். ஆசிரியை என்னைக் கண்டதும் ஒரு சின்னக் கடித உறையைத் தந்தார். உள்ளே பல். அன்று காலை வகுப்பில் ஜெயந்தியின் முன்பல் விழுந்ததாம். மொழிபெயர்க்க வந்திருந்த தமிழ் அக்கா சொன்னார்:

"ஒன்பது வயசிலை முன்பல் விழுறது பிந்தித்தானாம். சில பிள்ளையளுக்கு அப்பிடி வருமாம். பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லுறா."

"பிந்தேல்லை அக்கா. அவளுக்கு ஏழு வயசு."

அவர் மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அண்ணை, உதை நான் இங்கிலிசிலை சொன்னால் பிறகு திருப்பி எடுக்கேலாது. சொல்லட்டோ?"

"ஓம். சொல்லுங்கோ."

கையெழுத்து வைத்த கடிதத்தைக் கொடாமல் மடித்து வைத்தேன். சொல்லிவிட்டேன்.

பிறகு லேசாக இருக்கவில்லை. அகதி மனு எழுதிய வழக்கறிஞர் ஏசினார். செல்வம் தன் கேஸும் கெடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. விசாரணைக்குப் பதினாலு மாதம் காத்திருந்தேன். கதவு தட்டினால் பயம். மகளின் பிறப்புச் சான்றிதழ் இடம்பெயரும்போது தொலைந்துபோனது. பல் வைத்தியரின் கடிதமும் ஆசிரியையின் கடிதமும்தான் சாட்சி. ஏன் பொய் சொன்னாய் என்று விசாரித்தவர் கேட்டார். பயந்தேன் என்றேன். எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்டார்கள். இது ஆண்டவர் செய்தது.

நான் உண்மையைச் சொன்ன அடுத்த கிழமையே ஜெயந்தியை அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் விட்டார்கள். அவள் உடனே பேசவில்லை. நாலு மாதம் போனது. ஒரு காலை, வாசலில் நின்று, "அப்பா, சப்பாத்து காலைக் கடிக்குது" என்றாள். கழற்றிப் பார்த்தேன். கால் வளர்ந்திருந்தது. அன்று வேலைக்குப் பிந்திப் போனேன். இப்போதும் அவள் அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள். எனக்கு அது போதும். ஆண்டவருக்கு நன்றி.

இந்தச் சபையிலும் பொய்யான தாளோடு பயந்து இருக்கிறவர்கள் இருப்பீர்கள். முதலில் ஆண்டவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமையில் எனக்கு வேலை இல்லை. நான் வந்து பக்கத்தில் இருப்பேன்.