ஏரித்தண்ணியில் கரைத்த பால்

எங்க வீட்டு ஆட்கள் மலைக்குப் போய் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினதை நினைத்தால் இப்பவும் எனக்குக் குமட்டுகிறது. கல்யாணமாகி இரண்டாவது வருசம். மாமனாருக்குக் கோவில்பட்டியில் பருத்தி வியாபாரம். பருத்தி வரத்து ஓய்ந்ததும் லாரியிலேயே எல்லாரையும் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனார். லாரித் தார்ப்பாய்தான் கூடாரம்.

ஏரி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்க கரிசக்காட்டில் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் யார் பார்த்தது? அதுதான் கேடாகிப் போச்சு. ஊரில் குடிதண்ணி ஊருணியில் காலை நனைத்தவனை மாமனார் கம்பெடுத்து விரட்டுவார். அதே மனுசர் இங்கே, "ஏலே, இது வத்துற தண்ணியா? நல்லாக் கழுவுங்கலே!" என்று சிரித்தார். கூடவே ஏற்றி வந்த ஆட்டை வெட்டி, குடலைக் கரையிலேயே அலசினார்கள். சாணியும் சவ்வும் மிதந்தது. கொழுந்தன்மார் புதருக்குள் போய்விட்டு வந்து அங்கேயே கால் கழுவினார்கள். மாமியார் வெற்றிலைச் சாற்றை அதிலேயே துப்பினார். அந்தத் தண்ணீரில்தான் சோறும் பொங்கியது. "பசிக்கலை" என்று ஒதுங்கிக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மகள் அப்போ கைக்குழந்தை. எனக்குப் பால் வற்றிப்போனதால் அவளுக்குப் பால்மாவுதான். பேதியில் கிடந்து அப்பத்தான் பிழைத்திருந்தாள். மறுநாள், ஊரிலிருந்து கூஜாவில் காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. மாமியார் ஏரியில் ஒரு செம்பு மோந்து, பால்மாவைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி நீட்டினார். மேலே ஆட்டுமயிர் ஒன்று மிதந்தது.

"அத்தை, காய்ச்சிக் குடுக்கட்டுமா?" என்றேன்.

"ஏட்டி, மூலிகை பட்டு வார மலைத்தண்ணி. இதப் போய்க் காய்ச்சணுமாக்கும்! பிள்ள கத்துது, குடு."

என் வீட்டுக்காரர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "அம்மா சொல்லுதால்லா, குடேன்" என்றார்.

மகள் உதடு வரைக்கும் கொண்டுபோனேன். குடல் வாடை அடித்தது. அப்படியே மாமியார் காலடியில் கவிழ்த்தேன்.

"இத நீங்க குடிங்க. எம்பிள்ளைக்கு வேண்டாம்."

மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. "மருமகளுக்கு நாக்கு முளைச்சிருச்சே" என்றார் மாமனார். ஒருத்தரும் எழுந்திரிக்கவில்லை. பிள்ளையையும் பால்மாவு டப்பாவையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு மேட்டு ரோட்டு டீக்கடைக்கு நடந்தேன். கடைக்கார பாய் உடனே பாய்லர் வெந்நீரால் பாட்டிலை அலசிக் கொடுத்தார். அதே வெந்நீரில் பால்மாவைக் கரைத்து ஆற்றிக் கொடுத்ததும் பிள்ளை ஒரே மூச்சில் குடித்தாள். கீழேயிருந்து கொழுந்தனை அனுப்பிக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. லாரி கிளம்பும்போதுதான் மேட்டிலிருந்து இறங்கினேன். கரை முழுக்க எலும்பும் எச்சில் இலையும் ஈயும். எங்க ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டி வந்து வண்டியில் ஏறினார்கள்.