வாய்ப்புண்ணும் காப்புக் கயிறும்

பதுளையில் ஒரு பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில், டொக்டர் சிங்களத்தில் கேட்பதைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குத் தமிழில் சொல்வது என் தொழில்; கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. சில சொற்கள் தொண்டைக்கு மேல் ஏற மறுக்கும் அவதியை நீங்களும் அறிவீர்கள்.

சுண்ணாம்பின் மேல் பழி

லுணுகலைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் செல்வி (பெயரை மாற்றியிருக்கிறேன்) கர்ப்பிணி. உதட்டின் உட்புறத்தில் ஒரு புண்ணோடு வந்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடி வாய் வெந்துவிட்டது என்பது அவள் முடிவு. வெந்த புண் எரியுமே, இது எரிகிறதா என்றார் டொக்டர். இல்லை என்றாள். அடுத்து, வாய்வழி உறவு உண்டா என்று கேட்டார். நான் இலக்கணம் பிசகாத ஒரு வாக்கியத்தை அமைத்தேன், அவள் விழித்தாள். எளிமையாக மறுபடி கேட்டபோது என் பார்வை மேசைவிரிப்பில் இருந்தது. அவளோ என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க மிஸ், வீட்டுக்காரரோடதான். வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அப்படி. நீங்க கூச்சப்படாம கேளுங்க, நான் கூச்சப்படாம சொல்றேன்."

எல்லவிலிருந்து வந்த பதில்

இரத்தப் பரிசோதனை சிபிலிஸ் என்றது. புண் தானாக ஆறிவிடும். நோய் ஆறாது, வயிற்றுப் பிள்ளையையும் தொடும். ஊசியால் குணமாகும். ஆனால் கணவரும் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இருவருக்கும் குணமாகும்வரை எந்த வழியிலும் சேரக் கூடாது. வாய்வழி உறவுக்கும் ஆணுறை பாதுகாப்பு என்றார் டொக்டர். செல்வி அன்றே ஊசி போட்டுக்கொண்டாள். எல்ல என்ற ஊரில் ஹோட்டல் வேலை பார்க்கும் கணவர் குமாரை, நானும் கேட்கும்படி தொலைபேசியில் அழைத்தாள். அவர் சிரித்தார்.

"வாயால புள்ளை உண்டாகுமா? அப்புறம் வியாதி மட்டும் எப்படி வரும்? போடி பைத்தியம். சனிக்கிழமை வீட்டுக்கு வாறேன்."

திருவிழா இல்லாத காப்பு

அந்தச் சனிக்கிழமையை நினைத்து நான் கலங்கினேன்; அவர் மருந்தில்லாமல் நெருங்கினால் நோய் அவளுக்கு மீண்டும் தொற்றும், பிள்ளைக்கும் ஆபத்து. அடுத்த வாரம் செல்வி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்தாள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவளைத் தாலி கட்டிய கணவரும் தொடமாட்டார். தோட்டத்தில் அதை மீறத் துணிந்த ஆண்பிள்ளை இல்லை. திருவிழாவுக்கோ இன்னும் மாதங்கள் இருந்தன. பிள்ளை நலமாகப் பிறக்க, கணவர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை அவிழ்ப்பதில்லை என்று நேர்ந்து, சனிக்கிழமை அவர் வருமுன்பே தானே கட்டிக்கொண்டாளாம். பின்னால் குமார், ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றார். வாய்வழியாக நோய் பரவும் விதத்தை டொக்டர் விளக்க, நான் மேசைவிரிப்பைப் பாராமல் தமிழில் சொன்னேன். குமார் தலைகுனிந்து கேட்டு முடித்தார்.

"எல்லாம் வெளங்கிருச்சு மிஸ். இந்தக் காப்ப எப்ப அவுக்கலாம்னு மட்டும் டொக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

டொக்டரின் சொல்லை ஓர் எழுத்தும் பிசகாமல் தமிழாக்கியவள் நான். அதை ஒரு சாண் கயிற்றில் கணவருக்கு விளங்கவைத்தவள் செல்வி.