பத்தியத்துக்காக நிறுத்திய மாத்திரை

எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் வேலையில், கொடுப்பது ஒரு நிமிடம், "ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக் குடைவதுதான் மீதி நாள் முழுக்க. ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டை வறண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது. ஏற்காட்டில் என்னிடம் வருகிற ஒரு விவசாயி, காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். எச்.ஐ.வி.யோடு, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் அவருக்கு உண்டு.

பஞ்சு

மாத்திரை டப்பாவை வாங்கியதும் மூடியைத் திறப்பார். சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து உள்ளே திணிப்பார். மாதாமாதம் இதே வேலை. ஈரத்துக்கா, எறும்புக்கா என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, மாரமங்கலம் பஸ்ஸு குலுக்குற குலுக்குல இது கலகலங்குதுங்க. பஸ்ஸுல எல்லாருமே திரும்பிப் பாக்கறாங்க."

உப்பில்லாச் சோறு

ஒரு மாதம் ஆளைக் காணோம். போன் போட்டால் எடுக்கவில்லை. அடுத்த மாதம் அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கண் இரண்டும் மஞ்சள். விசாரித்தால், முன்பு ஒருநாள் சிறுநீர் மஞ்சளாகப் போனதாம். காமாலை என்று அவரே முடிவு கட்டி, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாச் சோறு தின்று பத்தியம் இருந்திருக்கிறார். பத்தியத்தில் வேறு மருந்து ஆகாதென்று எங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அட கடவுளே! அந்த மாத்திரைதான் இரண்டு கிருமியையும் அமுக்கி வைத்திருந்தது. விட்டதும் ஹெபடைடிஸ் கிளம்பிக் கல்லீரலைப் பிடித்துக்கொண்டது.

"உயிரோட விளையாடறீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"எச்.ஐ.வி. மாத்திரையத்தானுங்க நிறுத்துனேன். ஈரலுக்கும் இதேதான்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

வாசல்வரை போனவர்

யோசித்துப் பார்த்தேன். கிருமி இரண்டு என்று சொல்லியிருந்தேன். இரண்டுக்கும் அதே மாத்திரைதான் என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. அவரைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே படுக்கையில் சேர்த்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். மனுஷன் பிழைக்க வேண்டுமே என்று தினமும் அங்கே போன் போட்டு விசாரித்தேன்.

சில மாதம் கழித்து, தெளிந்த கண்ணோடு தானே நடந்து வந்தார். எச்.ஐ.வி. ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கியிருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே மாத்திரை, இரண்டு வேலை, நிறுத்தவே கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். தலையாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"நொம்ப சந்தோசமுங்க. அதுல ஒண்ணுதான் அடங்கிப்போச்சே, இனிப் பாதி மாத்திரை போதுமுங்களா?"

அன்றிலிருந்து "புரிஞ்சுதா?" என்று யாரையும் நான் கேட்பதில்லை, "ஊட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.