வெயில் காட்டாத ஊறுகாய்

ஏஞ்சலின் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்துக்கு மருமகளாக வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், தை மாதம். அவள் வந்த மறுநாளே அவளுடைய பிரிஜ்ஜும் வந்தது. ருவான்வெல்லைப் பக்கம் ஒரு கார்மென்ட்டில் ஏழு வருஷம் சட்டைக் காலர் தைத்து அவளே வாங்கியது. புருஷன் கிருஷ்ணராஜ் தோட்டத்து லொறி டிரைவர். அதனால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் நின்றபடியே அது கலவான மலையேறி வந்தது. லயத்துக்குக் கரண்ட் வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு குடும்பம் இருந்த பன்னிரண்டு காம்பராவிலும் அதுதான் முதல் பிரிஜ்.

மாமியார் வெள்ளையம்மா அதை வாசலுக்கு நேராக வைக்கச் சொன்னாள். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டுமே! கதவில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். குங்குமத்துக்குப் பக்கத்தில் ஏஞ்சலின் ஒரு மாதா படம் ஒட்டினாள். வெள்ளையம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வேதக்காரப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மகன் நின்றபோது மூன்று மாதம் அவனுக்குச் சோற்றைப் போட்டுப் பேச்சை நிறுத்தியவள் அவள். இப்போது பேசாமல் இருந்ததை ஏஞ்சலின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிற ஆள்தான் அவள்.

கலவான மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை துவைத்த துணியை வியாழக்கிழமை பிழிந்தாலும் தண்ணீர் சொட்டும். அந்த ஊரில் வெள்ளையம்மா வருஷா வருஷம் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு, வாயில் துணி கட்டி, வெயில் காட்ட ஜாடியும் கையுமாக அலைவாள். வருஷா வருஷம் பூசணம் பிடிக்கும். "இந்த வருஷம் வெயிலே இல்ல" என்பாள், ஏதோ போன வருஷம் இருந்த மாதிரி.

ஏஞ்சலினுக்கு வெயில் தேவைப்படவில்லை. கார்மென்ட் போர்டிங்கில் கூடத் தங்கியிருந்த சிங்களப் பெண்ணிடம் அவள் பார்த்துப் பழகிய ஊறுகாய், அரை மணி நேரத்து வேலை. கரட், போஞ்சி, சின்ன வெங்காயம், பிளந்த பச்சை மிளகாய், கொஞ்சம் அன்னாசி. புளிப்புக் காடியான வினாகிரியில் உப்பும் சீனியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவிட்டு, அரைத்த கடுகைக் கலக்கி, ஆறியதும் காயின் மேல் ஊற்றிப் போத்தலை மூடி பிரிஜ்ஜில் வைத்தால் மறுநாள் சோற்றுக்குத் தயார். வினாகிரி மூக்கில் ஏறக்கூடாது என்று பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ப்பாள். அதனால் குளிரை விட்டு வெளியே எடுத்தால் அது நிற்காது.

"வெயிலு படாத ஊறுகாயி ஒரு ஊறுகாயா?" என்றாள் வெள்ளையம்மா முதல் நாள். சொல்லிக்கொண்டே இரண்டாந்தரம் வாங்கிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் நாத்தனார் கலைச்செல்விக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு கொடகவெல. ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட வருகிறார்கள். ஏஞ்சலின் திங்கட்கிழமை பின்னேரமே பெரிய போத்தல் நிறைய ஊறுகாய் போட்டு வைத்தாள். ஐந்து நாள் ஊறினால் போஞ்சி பதமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. "மாப்புள வீட்டாளுங்க ஊறுகாய்க்காகவே மறுபடி வருவாங்க, பாருங்க மாமி" என்றாள்.

செவ்வாயும் புதனும் அதிசயமாக வெயில் அடித்தது. ஏஞ்சலின் மலையில் கொழுந்து எடுத்தாள். வேலையிலிருந்து நின்றுவிட்ட வெள்ளையம்மா வழக்கம்போல வீட்டில் இருந்தாள்.

வியாழக்கிழமை சாயந்தரம் ருசி பார்க்கலாம் என்று ஏஞ்சலின் போத்தலைத் திறந்தாள். மேலே நுரை கட்டியிருந்தது. புளித்த வாடை காம்பரா முழுக்க அடித்தது. பக்கத்துக் காம்பரா சுப்பம்மா அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர்ப் போத்தலை எடுக்க வரவேண்டுமா? லயத்தில் பாதிப் பேருடைய தண்ணீர் அந்தப் பிரிஜ்ஜில்தான் குளிர்ந்தது.

சுப்பம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெள்ளையம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தின குரல் நாலு காம்பராவுக்குக் கேட்கும். "செவ்வாக்கெழம பீலித் தண்ணியில இவ தனியா துணி அலசுனத நான் பாத்தேங்க்கா. வீட்டுக்குத் தூரமா இருக்கையில தொட்டிருக்கா. ஊறுகா தாங்குமா?"

"திங்கக்கெழமைக்கு அப்புறம் நான் அதத் தொடவே இல்லக்கா. தொட்டா மட்டும் என்னா?" என்றாள் ஏஞ்சலின்.

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்துகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. வெள்ளையம்மா யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து பிரிஜ்ஜைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "பரிசம் முடியட்டும்" என்றாள், அவ்வளவுதான்.

ஏஞ்சலினுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளுடைய பிரிஜ். அவளுடைய ஏழு வருஷம். மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சுப்பம்மா தன் வாய் வேலையை முடித்திருந்தாள். ஊறுகாய் கெட்டது ஏஞ்சலினுக்குப் பெரிதில்லை. அந்தச் சாவி ஒருமுறை மாமியார் முந்தானையில் தங்கிவிட்டால், இனி மாதா மாதம் அங்கே போய் ஏறும். அப்புறம் அந்த வீட்டில் அவள் விருந்தாளிதான். அது நடக்கக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டாள்.

வேலை விட்டு வந்ததும், வெளியே கிடந்த கெட்ட போத்தலைக் கழுவப் பீலிக்குக் கொண்டுபோனாள். கொட்டிவிட்டுக் கவிழ்த்தாள். அடியில் வட்டமாகத் துருக் கறை. கழுத்தில் பழைய வேட்டித் துணியின் ஒரு நூல் சுற்றியிருந்தது. பிரிஜ்ஜுக்குள் துரு ஏது? அந்த வீட்டில் துருப்பிடித்தது ஒன்றே ஒன்றுதான், அடுப்படிக் குசினிக்குப் பின்னால் கோழிக்கூட்டின் தகரம். போத்தல் வாயில் துணி கட்டுகிற ஆளும் ஒரே ஒரு ஆள்தான்.

ஏஞ்சலின் அங்கேயே நின்று சிரித்துவிட்டாள். பிறகு போத்தலோடு நேரே குசினிக்குப் போய் அடியைத் திருப்பிக் காட்டினாள்.

வெள்ளையம்மா அந்த வட்டத்தை விரலால் தடவினாள். "வெயிலு வந்துச்சேன்னு வச்சேன் புள்ள. ரெண்டு நாளும் வச்சேன். வெளியாளுங்க வாராங்க, பூசணம் கீசணம் புடிச்சு ஒன் பேரு கெட்டுறக்கூடாதுன்னுதான்."

"பேர நல்லாத்தான் காப்பாத்துனீங்க மாமி."

"சுப்பம்மா அப்புடிக் கேக்கவும் எனக்கு வாயி வரல."

ஏஞ்சலினுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மழைக்குப் பயந்து வாழ்ந்த மனுஷி, வெயிலைக் கண்டதும் கை சும்மா இருக்காதுதான். ஆனால் மீதிப் பாதியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "இப்பத் தொறந்துவிடுங்க, ஞாயித்துக்கெழமைக்கு வேற போட்டுத்தாரேன். ஆனா சுப்பம்மாக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா சண்டைம்பாங்க."

வெள்ளையம்மா பிரிஜ்ஜைத் திறந்துவிட்டாள். புதுப் போத்தல் உள்ளே போனதும் பூட்டிச் சாவியை மறுபடி முடிந்துகொண்டாள். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றி, ஆண்கள் பந்தி எழுந்து, பெண்கள் பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா பருப்பைப் பிசைந்துகொண்டே ஊறுகாய்க் கிண்ணத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். பரிமாறிக்கொண்டிருந்த சுப்பம்மா கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். "அது வேணாங்க. மருமகப் பொண்ணு போட்டது. சுத்தம் பாக்காத கையி."

ஏஞ்சலின் சோற்றுச் சட்டியோடு மூன்றடி தள்ளி நின்றாள். வாயைத் திறந்தால் நாத்தனார் கல்யாணம் கெடும், திறக்காவிட்டால் தன் வாழ்க்கை கெடும். மாமியாரைப் பார்த்தாள்.

வெள்ளையம்மா வந்து சுப்பம்மா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள்.

"மொத ஊறுகாயக் கெடுத்தது நான்," என்றாள். பந்தியே நிமிர்ந்தது. "கோழிக்கூட்டுத் தகரத்து மேல ரெண்டு நாளு வெயில்ல வச்சேன். கெட்டுப்போச்சு. பழிய என் மருமக மேல விட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இது அவ வெள்ளிக்கெழம போட்டது. அன்னைக்கும் அவ தூரந்தான். அதே கையிதான். கெட்டிருக்கான்னு பாருங்க." சொல்லிவிட்டு ஒரு துண்டு கரட்டை எடுத்துத் தன் வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள்.

கலைச்செல்வி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா இலையை முன்னால் நகர்த்தினாள். "எங்க வீட்டுல மூணு மருமகளுங்க. தூரம் பாத்தா மாசம் பூரா நானே அடுப்படியில நிக்கணும். வைங்க சம்பந்தி." தின்று பார்த்துவிட்டு, "வெங்காயமாப் பாத்து இன்னும் கொஞ்சம்" என்றாள்.

வெள்ளையம்மா அந்தப் பந்தியிலேயே முந்தானையை அவிழ்த்து, சாவியை எடுத்து ஏஞ்சலின் முந்தானையில் முடிந்துவிட்டாள். இரண்டு முடிச்சுப் போட்டாள். ஏஞ்சலினுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட வழியில்லை, வெங்காயம் வினாகிரியில் கிடந்தது.

மறுநாள் பின்னேரம் சுப்பம்மா தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. தொண்டையைச் செருமினாள். "ஏஞ்சலினு, பிரிஜ்ஜக் கொஞ்சம் தொறக்குறியா?"

ஏஞ்சலின் அவளை ஒரு நிமிஷம் நிற்கவிட்டாள். அதுகூட இல்லாவிட்டால் எப்படி? பிறகு முடிச்சை அவிழ்த்துத் திறந்து, தண்ணீர்ப் போத்தலை உள்ளே வைத்து, மிச்சமிருந்த ஊறுகாயில் ஒரு சின்னப் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. இன்னைக்கே தின்னு முடிச்சிருங்க. வெயில்ல மட்டும் வச்சிராதீங்க."