லோங்கேயில் செய்த நிலாக் கால்களைப் பார்க்கப் போனோம்

சென்ற ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருக்கும் தீவிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லோங்கேக்குப் போய் வந்தோம். நிலாவில் முதன்முதல் மனிதரை இறக்கிய ஊர்தியின் கால்கள் அந்த ஊரில்தான் செய்யப்பட்டன. அங்கே வேலை செய்த ஓய்வூதியர்கள் சிலர் ஒரு தேவாலய மண்டபத்தில் சிறு கண்காட்சி வைத்திருந்தார்கள். விண்வெளி ஆசையில் நான் போகவில்லை. என் தலை சரியாக இருக்கிறதா என்று அறியப் போனேன். எனக்கு வயது எண்பத்தொன்று. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் மெற்றில்டா தட்டச்சு செய்கிறாள்.

அதற்கு இரண்டு கிழமை முன்பு ஞாபகப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மணிக்கூட்டுப் படம் ஒன்று கீறு, எழுத்தையும் எண்ணையும் கோட்டால் இணை என்றார்கள். பென்சில் நகரவில்லை. பிறகு டொக்டர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். சென்ட் லோரன்டில் ஓர் உலோகப் பட்டறையில் பதினெட்டு வருடம் விளிம்பு தேய்த்தேன், அங்கே எனக்கு மேலாளாக இருந்த போமன் றொஜே அதற்கு முன் நிலா ஊர்தியின் கால் செய்தவர் என்றேன். மெற்றில்டா அதை மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பிரெஞ்சில் வேறேதோ சொன்னாள்.

காரில் ஏறியதும் கேட்டேன். “அப்பா, நீங்கள் டீவியில பாத்ததையும் வேலையில நடந்ததையும் ஒண்டாக் கலக்கிறீங்கள்” என்றாள்.

“றொஜே சொன்னது உண்மை, பிள்ளை.”

“ஓம் அப்பா, ஓம்.” சோறு தீத்தும்போது குழந்தைக்குச் சொல்லுவோமே, அந்த ஓம்.

வீட்டுக்கு வந்ததும், நான் மறந்து எரியவிட்டுவிடுவேன் என்று அடுப்பின் குமிழ்களைக் கழற்றி எடுத்துவிட்டாள். முதியோர் இல்லம் என்ற பேச்சும் தொடங்கியது. கண்காட்சி இருப்பதைப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும், போகத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

காலை 9:10க்குக் கர்க்லாண்டில் உள்ள வீட்டிலிருந்து புறப்பட்டோம். கோட்-வெர்த்து மெற்றோ நிலையத்துக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். 9:35க்கு காரை நிறுத்தினோம். ஒரேஞ்ச் பாதையில் இருபத்தேழு நிமிடம், பெரி நிலையத்தில் மாறி ஆற்றுக்கு அடியால் ஓடும் மஞ்சள் பாதையில் ஆறு நிமிடம். அறுபத்தைந்து தாண்டியவர்களின் இலவச அட்டை எங்கள் தீவுக்குள் மட்டுமே செல்லும். லோங்கே தீவுக்கு வெளியே, ஆகவே திரும்பி வர வேறு டிக்கெட் வேண்டும். நிலையத்திலிருந்து மண்டபம் எழுநூறு மீற்றர். என் நடைக்குப் பன்னிரண்டு நிமிடம். அனுமதி இலவசம். கோப்பி இரண்டு டொலர், ஆனால் தண்ணீர் மாதிரி.

மண்டபத்தின் நடுவில் அலுமினியக் கால் ஒன்று நின்றது, அசலின் அளவில் செய்த மாதிரி. விளக்கம் சொன்னவர் ஜீல் என்ற கிழவர், என்னைவிட நாலைந்து வயது குறைவு. குழாய்க்குள் எண்ணெயோ சுருள்வில்லோ இல்லை என்று மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தேன்கூடு போல மெல்லிய அலுமினிய அறைகள். ஊர்தி தரையில் மோதும்போது அவை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஒரு தடவைதான் நசுங்கும், ஒரு தடவை போதும். வில் என்றால் திருப்பி எறிந்துவிடும். முதல் ஊர்தி மெதுவாக இறங்கியதால் கால்கள் சரியாக நசுங்கவில்லை. ஏணியின் கடைசிப் படி தரைக்கு எட்டாமல் நின்றது, கீழே குதிக்க வேண்டியிருந்ததாம். மூன்று கால்களின் அடியில் நீளக் கம்பிகள் தொங்கின. கம்பி தரையைத் தொட்டால் உள்ளே விளக்கு எரியும். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்துவார்.

எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் இதெல்லாம் டீவியிலும் வருமே. மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்தேன், மாறவில்லை.

அப்போது ஒருவர் குழாயைத் தடவப் போனார். என் வாய் என்னைக் கேளாமல் பட்டறைப் பிரெஞ்சில் கத்தியது: “கையை எடு, கழுதை! உன் சூட்டில் அது வீங்கும்!”

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெற்றில்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஐயோ அப்பா, மானம் போகுது.”

ஜீல் மட்டும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தார். “இது றொஜேயின் வசவு! நான் இந்த ஊர்த் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம் தினமும் வாங்கினேன்” என்றார். அளவு எடுக்கும் குழாயை வெறுங்கையால் தொட்டால், கைச் சூட்டுக்கே அது மயிரிழை பெருத்து அளவு பிழைத்துவிடும். அதனால் இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் கையுறையோடுதான் அளப்பார்களாம். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். “அவருடைய இடது சுண்டுவிரல்?”

“பாதி இல்லை. கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்லுவார்.”

“எனக்கு முதலை கடித்தது என்றார்!”

“எனக்கு மாமியார்.”

நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மெற்றில்டா ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தாள்.

கோப்பி குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “அப்பா, ஒண்டு சொல்லோணும். ஞாபகப் பரிசோதனை ஃபோமில நீங்கள் எட்டாம் வகுப்பு எண்டு எழுதினனான்.”

“ஏன் பிள்ளை? நான் பள்ளிக்கூட வாசலே மிதிக்கேல்லையே.”

“வெக்கமா இருந்தது. சேர்ச்சில எல்லாருக்கும் அப்பிடித்தானே சொல்லி வைச்சிருக்கிறம். அங்கையும் அதே கையில வந்திட்டுது.”

எட்டு வகுப்புப் படித்தவன் பென்சில் பிடிக்கத் தெரியாமல் இருந்தால் டொக்டர் வேறென்ன நினைப்பார்? எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. “நல்ல வேளை, பட்டதாரி எண்டு போடேல்லை” என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

திங்கட்கிழமை அவளே டொக்டரை அழைத்து உண்மையைச் சொன்னாள். மூன்று கிழமை கழித்துத் தாள், பென்சில் இல்லாமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு மறுபடி கேட்டார்கள். கதைகளைக் கேட்டுத் திருப்பிச் சொன்னேன். வயதுக்கு நல்ல ஞாபகம் என்றார் டொக்டர். அடுப்புக் குமிழ்கள் திரும்பி வந்தன.

கண்காட்சி மறுபடி வைத்தால், போக நினைப்பவர்களுக்கு: காலை பத்தரைக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம். மண்டபத்தில் லிஃப்ட் இல்லை, பதினான்கு படி. இன்னொன்று, இது லோங்கேக்குப் போகாதவர்களுக்கும். அப்பா அம்மாவை இப்படியான பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், அவர்கள் எழுத்தறியாதவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. இந்த வரியைத் தட்டும்போது மெற்றில்டா, “இதையும் போடவோ?” என்று கேட்டாள். போடு என்றேன்.