சங்காயத்துக்கு ஆறாவது இடம்

பாம்பனில் சங்காயம் காயவைக்கும் நாகலெட்சுமி அக்கா என் தீவனக்கடைக்கு வந்தால், வாடை அவருக்கு முன்னால் வந்து நிற்கும். சங்காயம் என்கிற, யாரும் சமைக்க வாங்காத கழிவுப் பொடிமீனை மணலில் பரப்பிக் காயவைத்து லாரிக்குக் கொடுப்பவர். இருபது வருஷமாக ஊர் மூக்கைப் பொத்துகிறது. அவர் சட்டை செய்ததே இல்லை.

அன்று முகம் செத்துப்போயிருந்தது. மீனுக்குக் காக்கை விரட்டும் அவருடைய நாய் வெள்ளச்சி நாலு குட்டி போட்டு, எலும்பும் தோலுமாகி, பால் வற்றிக்கொண்டிருந்தது. டவுன் தீனிதான் ஒசத்தி என்று நம்பி, மீன் படம் போட்ட நாய்த்தீனிப் பை ஒன்றை வாங்கிப் பத்து நாளாகப் போட்டிருக்கிறார்; மிச்சத்தைப் பையோடு கொண்டுவந்திருந்தார். குட்டிகள் பிழைக்குமா என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கியது. அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தேன். எடையில் எது கூடுதலோ அதைத்தான் முதலில் போடுவார்கள் என்றேன். மக்காச்சோளம், அரிசித் தவிடு, கோதுமை, சோயாப் பிண்ணாக்கு, கோழிக் கொழுப்பு. ஆறாவதாக மீன்தூள். பால் கொடுக்கிற தாய்க்கு இந்தப் புரதம் காணாது என்றும் சொன்னேன்.

மீன்தூள் என்றால் என்ன என்று கேட்டார். பொடிமீனைக் காயவைத்து அரைப்பது என்றேன். அக்கா பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது நம்ம சங்காயம்ல தம்பி? அங்கன மலையாக் குமிச்சு வச்சுக்கிட்டு, சோளத்தையா வாங்கிப் போட்டேன்?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். லாரிச் சரக்கில் வாய் வைக்கக் கூடாது என்று வெள்ளச்சியை அதட்டி வளர்த்தவரும் அவர்தான்.

மணலில் காய்ந்தது வேண்டாம், பச்சை மீனை அலசி, முள் மசிய வேகவைத்து நொய்க்கஞ்சியில் பிசைந்து கொடுங்கள் என்றேன். பேத்தை மீனை முதலில் பொறுக்கி எறிய வேண்டும், அது விஷம் என்று அவர் எனக்குச் சொன்னார். மீன் விஷயத்தில் அவருக்குப் பாடம் எடுக்க நான் யார்?

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வெள்ளச்சிக்கு விலா மறைந்திருந்தது. நாலு குட்டியும் வயிறு முட்டக் குடித்துவிட்டு நிழலில் கிடந்தன. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அப்போது தீவன ஆலைக்குச் சரக்கு ஏற்றும் லாரி வந்தது. கழிவையெல்லாம் ஏற்றியாச்சா என்று கேட்ட டிரைவர், ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்த மீன்கூடையிலும் கை வைத்தார். அக்கா தடுத்தார்.

"அது வெள்ளச்சிக்கு. இங்கன மீனுதான் மொதல்ல. மிச்சத்தக் கொண்டுபோயி ஒங்க பையில ஆறாவதாப் போட்டுக்கங்க."